ரபி இல்லாத கரையில்: கொங்கண் யூத ஆசிரியர்களின் தடம் தேடி

வியாழன், மஸ்ஜித் – மும்பை

சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் லோக்கல் ரயில் ஏறினால் அடுத்த நிலையமே மஸ்ஜித். பள்ளிவாசலை வைத்து வந்த பெயர் என்றுதான் யாருக்கும் தோன்றும். யூதர்களைக் கேட்டால், அது எங்கள் ஜெபாலயத்தால் வந்த பெயர் என்கிறார்கள். சாமுவேல் தெருவில் இருக்கும் ஷார் ஹாரஹமிம் ஜெபாலயத்தை அக்கம்பக்கத்தார் 'ஜூனி மசீத்', அதாவது பழைய மசூதி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். 1796இல் தொடங்கியது. மும்பையின் முதல் ஜெபாலயம் அதுதான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு கேள்விதான் காரணம். மும்பைக்குத் தெற்கே கொங்கண் கடற்கரையில் இருக்கும் அலிபாக் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். மராத்தி பேசுவார்கள், செக்கில் எண்ணெய் ஆட்டுவார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமைச் செக்கார். அவர்களுக்குள் ரபி என்று ஒருவர்கூட இருந்ததில்லை. யூத மதச் சட்டம் கற்றுத் தேர்ந்து, சிக்கல் வந்தால் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவர்தான் ரபி. அப்படி ஒருவரும் இல்லாமல், வேத நூலும் கையில் இல்லாமல், ஒரு சமூகம் எப்படி நிலைத்தது? நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லித்தருகிறவன். இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. படித்த வரையில் எனக்குக் கிடைத்த பதில், ஆசிரியர்கள். அந்த ஆசிரியர்கள் நடமாடிய இடங்களை நேரில் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

சாமுவேல் தெருவில் கைவண்டிகளுக்கும் தலைச்சுமைக்காரர்களுக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டியிருக்கிறது. மிளகாய் நெடி கண்ணைக் கரிக்கிறது. ஜெபாலயம் வெளியிலிருந்து அதிகம் தெரியாது. உள்ளே போனால் நடுவில் மரக் கிராதி போட்ட மேடை, அதைச் சுற்றிப் பெஞ்சுகள், எருசலேம் இருக்கும் மேற்குத் திசைச் சுவரில் யூதர்களின் வேதமான தோராவின் சுருள்கள் வைக்கும் பேழை. மேடையைத் தேபா என்கிறார்கள்.

இந்த ஜெபாலயத்தை நிறுவியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். ஊரார் வாயில் சாமாஜி ஹசாஜி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. மைசூர்ப் போரில் திப்புவின் கையில் சிறைப்பட்டவர். உயிரோடு திரும்பினால் ஜெபாலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், இவர்கள் 'பனீ இஸ்ராயீல்' என்று தெரிந்ததும் திப்புவின் தாயார் பரிந்து பேசினார் என்றும் சமூகத்தில் கதை வழங்குகிறது. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கட்டடம் எழுந்துவிட்டது, வாசிக்கத் தோராச் சுருள் வேண்டும். அதைத் தேடிக் கொச்சிக்குப் போன திவேகர் 1797இல் அங்கேயே இறந்துபோனார்.

கொச்சியில் சுருள் இருந்தது, எபிரேயம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பிற்பாடு ஆசிரியர்களும் அங்கிருந்தே வந்தார்கள். 1833இல் வந்த ஷெலோமோ சாலேம் ஷுர்ராபி மும்பையிலேயே தங்கி, வழிபாட்டை நடத்தி, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எபிரேய எழுத்தறிவித்து 1856இல் காலமானார். இன்று கொங்கண் ஜெபாலயங்களில் கேட்கும் பல ராகங்கள் கொச்சி வழியாக வந்தவை. அவருடைய பெயர் தாங்கிய தெரு எதுவும் என் கண்ணில் படவில்லை. திவேகருக்குத் தெருவே இருக்கிறது. இவருக்கும் ஒரு பலகையாவது வேண்டாமா?

சாயங்காலம் கொலாபா போய், நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தின் வாசலில் சிறிது நேரம் நின்றேன். 2003இல் இங்கே வந்து, பயணிகளுக்கும் உள்ளூர் யூதர்களுக்கும் உணவும் பாடமும் வழிபாட்டு இடமும் தந்த இளம் ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கையும் அவர் மனைவி ரிவ்காவையும் 2008 நவம்பர் தாக்குதலில் கொன்றார்கள். இரண்டு வயதுக் குழந்தை மோஷேயைக் காப்பாற்றியது அவனைப் பார்த்துக்கொண்ட சாண்ட்ரா சாமுவேல். இதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

வெள்ளி, மசகான் – பைகுலா

இன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடங்கள். காலையில் மசகான். இங்கேதான் சர் எல்லி கதூரி பள்ளி இருக்கிறது. 1875இல் இதற்கு இஸ்ரேலைட் ஸ்கூல் என்று பெயர். தொடங்கியவர் ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர். அலிபாக் பக்கத்துக் கிஹிம் கிராமத்துக் குடும்பம். எபிரேயமும் மராத்தியும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். தம் சமூகத்தின் வரலாற்றை 1897இல் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். அச்சானது 1937இல், டெல் அவீவில். அவர் இறந்து அப்போது ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியிருந்தது. தம் புத்தகத்தைத் தாமே பார்க்காமல் போனவர்.

அந்தப் பள்ளியை 1922 முதல் 1950 வரை நடத்தியவர் ரெபெக்கா ரூபன். 1905இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிக் தேர்வில் முதலிடம் பிடித்த பெண். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். அந்தப் படிப்புக்கு எங்கே வேண்டுமானாலும் வேலை கிடைத்திருக்கும். மசகானுக்கு வந்து தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் பாட்டி தலைமுறைப் பெண்களில் பலர் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாமல் இருந்த காலம் அது. வாசலில் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நினைவாகவே இருந்தது.

இன்னொரு தலைமையாசிரியர் ஜோசப் எசேக்கியேல் ராஜ்புர்கர். பாக்தாத் யூத வணிகர் டேவிட் சசூன் நடத்திய அறப்பள்ளியில் நாற்பது வருஷம் போலத் தலைமை வகித்தார். பகலில் பாடம், மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு. எபிரேய வழிபாட்டு நூல்களை ஒவ்வொன்றாக மராத்திக்குக் கொண்டுவந்தார், இருபதுக்கும் மேல். அம்மாக்களும் பாட்டிகளும் என்ன ஜெபிக்கிறோம் என்று தெரிந்து ஜெபித்தது அவரால்தான்.

கிறிஸ்தவ மிஷனரிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சன் 1832இல் மராத்தியில் எபிரேய இலக்கணம் எழுதினார். மதம் மாற்றுவது அவர் நோக்கம். பெனே இஸ்ரேல்களோ இலக்கணத்தைப் படித்துக்கொண்டார்கள், மதம் மாறியவர்கள் மிகச் சிலர். கற்ற எபிரேயத்தை வைத்துத் தங்கள் ஜெபாலயத்துக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள். படிப்பு அப்படித்தான், கொடுத்தவர் நினைத்த வழியில் மட்டும் அது போவதில்லை.

பைகுலாவில் மாகேன் டேவிட் ஜெபாலயத்தின் வெளிர்நீலக் கோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. பாக்தாத்திலிருந்து வந்த டேவிட் சசூன் 1860களில் கட்டியது. அதே வளாகத்தில் சசூன் குடும்பத்தின் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. யூதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். ஜெபாலய நிழலில் அவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பைகுலாவிலேயே ரோதெஃப் ஷாலோம் என்று சின்ன ஜெபாலயம் ஒன்று. அதன் பின்னால் இருப்பவர் ஒரு மகப்பேறு மருத்துவர், டாக்டர் ஜெருஷா ஜிராத். லண்டனில் படித்த காலத்தில் அங்குள்ள சீர்திருத்த யூதர்களோடு பழகியவர். ஊர் திரும்பி 1925இல் யூத சமய ஒன்றியத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம், ஆங்கிலத்திலும் ஜெபிக்கலாம். 1966இல் பத்மஸ்ரீ வாங்கியது மருத்துவத்துக்காக. ஜெபாலயத்துக்கு அவர் செய்ததையும் நான் அதற்குச் சமமாகவே வைப்பேன்.

சூரியன் சாய்வதற்குள் அறைக்கு வந்துவிட்டேன். நாளைக் காலை தாணே.

சனி இரவு, தாணே

பகலில் எதுவும் எழுதவில்லை. ஓய்வுநாளில் ஜெபாலயத்துக்குள் எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் நாள் முடியும். அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தியாவில் மிச்சமிருக்கும் சில ஆயிரம் பெனே இஸ்ரேல்களில் நிறையப் பேர் மும்பையிலும் தாணேயிலும்தான் இருக்கிறார்கள். இங்குள்ள ஷார் ஹஷமாயிம் ஜெபாலயம் 1879இல் எழுந்தது. முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கியிருந்தேன். வாசலில் போலீஸ், அடையாள அட்டை, பைச் சோதனை. உள்ளே ஒரு பெரியவர் என் தலையில் குல்லாயை வைத்து, மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சைக் காட்டி, "இங்கே உட்காருங்க சார், நல்லாத் தெரியும்" என்று இந்தியில் சொன்னார்.

பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் தோரா வாசிக்கலாம். அந்தக் கணக்கை மின்யான் என்பார்கள். இன்றைக்கு அதற்கு மேலேயே இருந்தார்கள். சின்ன ஊர்களில் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது.

வழிபாட்டை நடத்துகிறவர் ஹஸான். ரபி இல்லாத இடத்தில் எல்லாம் அவர்தான். கல்யாணத்தை நடத்துவார், அடக்கத்துக்கு வருவார், பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லித்தருவார். விதிப்படி கோழி அறுப்பதும், எட்டாம் நாள் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வதும்கூடப் பல ஊர்களில் ஹஸானே கற்றுவைத்திருந்த தொழில்கள். தேவாரம் பாடும் ஓதுவாருக்குக் குருக்கள் வேலையும் வாத்தியார் வேலையும் சேர்ந்து வந்தால் எப்படியோ, அப்படி.

பேழையைத் திறந்து சுருளை எடுத்தார்கள். உருளை வடிவ மரக்கூட்டுக்குள் நின்றபடியே இருக்கும் சுருள். அந்தக் கூடு இரண்டாகத் திறக்கும். வாசிக்கும் முன் நாலு பக்கமும் திருப்பிச் சபைக்குக் காட்டினார்கள். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். இந்த வாரப் பகுதி யாத்திராகமத்தில் செங்கடலைக் கடந்த இடம். மற்றப் பத்திகள் எல்லாம் நெருக்கமான நீளக் கட்டம். மோசேயும் மக்களும் பாடிய அந்தப் பாட்டு மட்டும் இடைவெளி விட்டு விட்டு, செங்கல் வரிசை மாதிரி எழுதப்பட்டிருந்தது. தோல் மேல் கறுப்பு மை. புள்ளி கிடையாது, உயிர்க்குறி கிடையாது, ராகக் குறி கிடையாது, வசன எண்ணும் கிடையாது. முழுச் சுருளில் 3,04,805 எழுத்துகள். ஒரு எழுத்து அழிந்தாலும் திருத்தும் வரை அந்தச் சுருளில் வாசிக்க மாட்டார்கள்.

அதாவது மெய்யெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, உயிரும் ராகமும் மனத்திலிருந்து வர வேண்டும். வாரம் முழுக்க அச்சுப் புத்தகத்தை வைத்து நெட்டுருப் போட்டால்தான் சனிக்கிழமை மேடை ஏற முடியும். வெள்ளிச் சுட்டுக்கோலின் நுனியில் சின்னக் கை, அதில் ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருந்தது. ஹஸான் அதை வரிமேல் நகர்த்திக்கொண்டே வாசித்தார். ஒரு இடத்தில் உச்சரிப்பு லேசாகப் பிசகியது. என் பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் சரியான சொல்லைச் சத்தமாகச் சொன்னது. ஹஸான் நின்று, அந்தச் சொல்லைத் திருத்தி வாசித்துவிட்டு மேலே போனார். யாரும் முகம் சுளிக்கவில்லை. சபை திருத்தலாம், திருத்தவும் வேண்டும் என்பதுதான் முறை. என் வகுப்பில் இந்தப் பழக்கம் வர வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

கடல் பாட்டு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பாகத் தொடங்கிய ராகம் அரங்கம் முழுக்கப் பரவியது.

முடிந்ததும் திராட்சை ஷர்பத். உலர் கறுப்புத் திராட்சையை ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டியது. கொங்கணில் திராட்சை மது கிடைக்காத காலத்தில் ஆசீர்வாதம் சொல்ல இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஷர்பத்தோடு நின்ற ஹஸானிடம் பேசினேன். பகலில் அவருக்கு வேறு வேலை. இது மாலைகளிலும் வார இறுதியிலும். கூடவே ஒரு பையன், அடுத்த வருஷம் அவனுக்குப் பதின்மூன்று. தன் பகுதியை இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டான். வார நாள்களில் இஸ்ரேலில் இருக்கும் மாமா வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார், இவன் கேட்டுக்கேட்டுப் பாடிப்பார்க்கிறான், தவறை ஹஸான் அங்கிள் திருத்துகிறார். "மாமா ரொம்ப வேகமா வாசிப்பாரு, அங்கிள் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாரு" என்றான். அந்த மாமாவுக்குச் சொல்லித்தந்தவரும் இதே ஜெபாலயத்து ஹஸான்தானாம், முந்தைய தலைமுறை.

ஞாயிறு, அலிபாக்

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து பஸ். வழியில் பலகைகளில் தெரியும் ஊர்ப்பெயர்களெல்லாம் குடும்பப் பெயர்கள். கிஹிம் என்றால் கெஹிம்கர், ஜிராட் என்றால் ஜிராத்கர். கேட்வேயில் ஏறினோமா, ஒரு மணி நேரத்தில் ரெபெக்கா ரூபன் காலத்துப் பள்ளி ஹாஜர் பதிவேட்டுக்குள் நடந்துபோகிற உணர்வு.

முதலில் நவகாவ். சமூகத்தின் நம்பிக்கைப்படி இங்கேதான் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள். பழைய கல்லறைகள், ஒரு நினைவுத் தூண், சுற்றித் தென்னை. கப்பலோடு நூல்களும் கடலுக்குள் போய்விட்டன என்பார்கள். மிஞ்சியது ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விலக்கு, "இஸ்ரயேலே கேள்" என்று தொடங்கும் ஷேமா ஜெபத்தின் ஒரே வரி. கல்யாணமோ சாவோ, எந்தச் சடங்கானாலும் அந்த ஒரு வரியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒருநாள் தாவீது ரஹபி வந்தார். எப்போது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன் என்கிறது மரபு. கொச்சி ரஹபி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர், 18ஆம் நூற்றாண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. இவர்கள் யூதர்கள்தானா என்று பார்க்கப் பலவகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிலும் இல்லாதவற்றைப் பெண்கள் ஒதுக்கிவைத்தார்கள். நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை என்றார்கள். பரீட்சை எழுதியது பெண்கள், அடுப்பங்கரையில். ரஹபி அங்கேயே தங்கிப் பாடம் சொன்னார். ஜிராத்கர், ராஜ்புர்கர், ஷாபுர்கர் குடும்பங்களிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார். அவர்களுக்குக் காஜி என்று பெயர். கிராமம் கிராமமாகப் போய்க் கல்யாணமும் விருத்தசேதனமும் நடத்தி, வழக்குத் தீர்த்து, ஜெபம் சொல்லித்தந்தார்கள். அப்பனுக்குப் பின் மகன் என்று 19ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. ஜெருஷா ஜிராத்தும் ஜோசப் ராஜ்புர்கரும் அந்த ஊர்ப்பெயர்களோடுதான் இருக்கிறார்கள் என்பதை இங்கே நிற்கும்போது கவனித்தேன். சிலிர்த்துவிட்டது.

அலிபாக் ஊருக்குள் இஸ்ரேல் ஆலி என்றே ஒரு தெரு. மாகேன் ஆபோத் ஜெபாலயம் 1848இல் தொடங்கி 1910இல் புதுப்பித்துக் கட்டியது. இப்போது இங்கே குடும்பங்கள் கொஞ்சம்தான். பண்டிகைக்கு மும்பையிலிருந்து ஆள் வருகிறார்கள்.

இன்றைக்கு வந்திருந்தார்கள். நாளை தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. எலியா தீர்க்கதரிசி இந்தக் கரையில் காட்சி தந்தார் என்பது பெனே இஸ்ரேல்களின் நம்பிக்கை. அலிபாக் பக்கத்துக் கண்டாலேயில் பாறையில் தெரியும் தடங்கள் அவருடைய ரதத்தினுடையவை என்று யாத்திரை போகிறார்கள். ஞாயிறு விடுமுறை என்பதால் ஒரு மும்பைக் கூட்டம் இன்றே வந்துவிட்டது. நானும் சேர்ந்துகொண்டேன். பெரிய தாம்பாளத்தில் மலீதா: நனைத்த அவல், வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலக்காய், முந்திரி. மேலே பழங்கள், ரோஜா. ஒரு பெரியவர் எபிரேயத்தில் ஆசீர்வாதங்களைச் சொன்னார், "எலியாஹு ஹனாபி" பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். உலகத்தில் வேறெந்த யூதரிடமும் இந்த வழக்கம் இல்லை. எந்த ரபியும் இதை விதித்ததில்லை, எந்தக் காஜியும் வேண்டாமென்று தடுத்ததும் இல்லை. எனக்கும் இரண்டு கை நிறைய அவல் கிடைத்தது.

திங்கள், புனே

காலையில் பஸ் பிடித்து மதியம் புனே. ஓஹெல் டேவிட் ஜெபாலயத்தை ஆட்டோக்காரருக்கு லால் தேவுள் என்று சொன்னால்தான் தெரியும். சிவப்புச் செங்கல், உயர்ந்த மணிக்கூண்டு, 1867. கட்டத் தொடங்கிய டேவிட் சசூன் 1864இலேயே இறந்துவிட்டார். வளாகத்திலேயே அவர் சமாதி. அழகான கட்டடம்தான். ஆனாலும் மனம் ராஸ்தா பேட்டையில் 1921இல் எழுந்த சின்ன சுக்காத் ஷெலோமோவில்தான் ஒட்டியது. அது பெனே இஸ்ரேல்கள் தங்கள் பணத்தில் கட்டியது.

இந்த ஊரில் 1874இல் அச்சான பாஸ்கா வழிபாட்டு நூல் ஒன்று உண்டு. எபிரேயமும் மராத்தியும் அடுத்தடுத்து. படங்களில் புளிப்பில்லா அப்பம் செய்கிற பெண்கள் இந்திய உடையில் இருக்கிறார்கள். எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல பாடப்புத்தகம் இருக்க முடியாது.

இவ்வளவும் பார்த்த பிறகு 1962ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல்களின் கல்யாணத்துக்கு முன் அவர்களின் வம்சத்தைத் துருவிப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள தலைமை ரபினேட், அதாவது ரபிகளின் தலைமை அமைப்பு, அந்த வருஷம் வழிகாட்டுதல் போட்டது. ரபி இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள், இவர்களுடைய மணமுறிவும் மறுமணமும் சட்டப்படி நடந்திருக்குமா என்ற சந்தேகம். ஜெருசலேம் தெருவில் போராட்டம் நடந்தது. 1964இல் இஸ்ரேல் பாராளுமன்றம் அவர்களை எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்று அறிவித்தது. செதில் இல்லாத மீனை ஒதுக்கிய பெண்களின் பேத்திகளிடம் பரம்பரைச் சான்று கேட்டது அநியாயம். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன். மகாராஷ்டிர அரசு 2016இல் யூதர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தது. அது நல்ல காரியம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். எந்த ஜெபாலயமானாலும் முன்கூட்டியே போனில் பேசி அனுமதி வாங்குங்கள், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஆண்கள் தலையை மூட வேண்டும். சனிக்கிழமை போனால் கேமரா வேண்டாம். மழைக்காலத்தில் கேட்வே–மாண்ட்வா படகுகள் ஓடாது. அப்போது பன்வேல் வழியாகச் சாலையில் போகலாம். பன்வேலிலும் 1849இல் கட்டிய பெத் எல் ஜெபாலயம் இருக்கிறது, பஸ்ஸைவிட்டு இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் அலிபாக் போகலாம்.